மீன் தொட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் வடிவத்தை முடிவு செய்யுங்கள்

எத்தனை லிட்டர் பிடிக்கும் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம், ஆனால் ஒரே அளவு தண்ணீர் பிடிக்கிற இரண்டு தொட்டிகளில் ஒன்றில் மீன் நிம்மதியாக நீந்தும், இன்னொன்றில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருக்கும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 56 லிட்டர் நிற்கும். அதையே நட்டுக்குத்தலாக, 2 அடி உயரத்துக்குச் செய்தாலும் அதே 56 லிட்டர்தான். ஆனால் காற்று படுகிற மேற்பரப்பு 2 சதுர அடியிலிருந்து 1 சதுர அடியாகிவிடுகிறது. மீனுக்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் அந்த மேற்பரப்பு வழியாகத்தான் இறங்குகிறது, ஏர் பம்ப்பின் குமிழிகளும் முக்கியமாக மேல் தண்ணீரைக் கலக்கிவிடுவதால்தான் உதவுகின்றன. சென்னை மாதிரி ஊரில் மே மாதத்தில் தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் இன்னும் குறையும், அப்போது முதலில் திணறுவது இந்த உயரத் தொட்டி மீன்கள்தான்.

அதனால் முதல் தொட்டி என்றால் நீள் சதுரம், யோசிக்கவே வேண்டாம்.

உருண்டைக் கண்ணாடி பவுலைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கழுத்துவரை நிரப்பினால் மேற்பரப்பு சுருங்கிவிடும், ஃபில்டர் வைக்க இடமில்லை, அதில் விடுவதோ அரை அடிக்கு மேல் வளரக்கூடிய, நிறையக் கழிவு போடுகிற கோல்டு ஃபிஷ். ரோம் நகரில் 2005-லேயே இந்த பவுல்களுக்குத் தடை போட்டுவிட்டார்கள், நம் கடைகளில் இன்னமும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

சரி, எந்த மீன் வளர்க்கப் போகிறீர்கள்? ஜீப்ரா, பார்ப் எல்லாம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிற மீன்கள், அவற்றுக்கு நீளம் வேண்டும், 3 அடி இருந்தால் நல்லது. ஏஞ்சல் மீனுக்கு மேல் துடுப்பு முனையிலிருந்து கீழ்த் துடுப்பு முனை வரை உயரம் அதிகம் என்பதால் ஒன்றரை அடியாவது ஆழம் கொடுங்கள். தரையிலேயே மேயும் கோரிடோராஸுக்கு அடிப்பரப்புதான் முக்கியம், உயரத்தால் அதற்குப் பெரிதாகப் பயனில்லை. ஃபைட்டர் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கிற மீன், பெரிய வாலை இழுத்துக்கொண்டு அடிக்கடி மேலே ஏற வேண்டியிருக்கும், ஆகவே ஆழமில்லாத சின்ன தொட்டி போதும், 15 லிட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

முன்பக்கம் வளைந்த தொட்டி ஹாலில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் வளைவில் மீனின் உருவம் நெளிந்து தெரியும், பாசி சுரண்டும் தட்டையான பிளேடும் சரியாகப் படியாது. அறுகோணத் தொட்டியில் பெரும்பாலும் உயரம் அதிகம், தரை குறைவு.

சென்னையில் கொளத்தூர் பக்கம் போனால் நாம் சொல்கிற அளவில் செய்து தருகிற கடைகள் இருக்கின்றன. அங்கே சொல்லும்போது உயரத்தைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்டச் சொல்லுங்கள், 1 அடிக்குப் பதில் ஒன்றரை அடி அகலம் கிடைத்தால் செடி, கல், மரக்கட்டை எல்லாம் முன்னும் பின்னுமாக வைக்கலாம், மீனுக்கும் திரும்ப இடம் கிடைக்கும். உயரம் கூடக் கூடக் கண்ணாடி மேல் அழுத்தம் கூடும், கனமான கண்ணாடி போட வேண்டும், செலவும் ஏறும். அப்புறம் 2 அடி ஆழத்தில் கிடக்கிற கல்லை எடுக்கத் தோள்வரை நனைய வேண்டும், அந்தச் சிரமத்துக்காகவே சுத்தம் செய்வது தள்ளிப்போய்விடுகிறது.

ஸ்டாண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் தண்ணீர் மட்டுமே சுமார் 127 கிலோ, கண்ணாடியும் கல்லும் தனி. டிவி மேஜை மேல் வைக்கிற சமாச்சாரம் இல்லை இது. அடியில் முழுதாகத் தெர்மோகோல் போட்டு, மட்டம் பார்த்து, பாதி நிரப்பியதும் இன்னொரு தடவை பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் தண்ணீரைக் காலி செய்துவிட்டுத்தான் சரி செய்ய வேண்டும், தண்ணீரோடு நகர்த்தினால் சிலிக்கான் ஒட்டு விட்டுவிடும்.