‘எங்கே சேர்க்கலாம்?’: குடிநோய்க்குக் குழு தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

குடியிலிருந்து மீள உதவும் குழு பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரிப்பவர் பெரும்பாலும் குடிப்பவர் அல்ல. மனைவி, அம்மா, இல்லையென்றால் தங்கை. கேள்வியும் ஒரே மாதிரிதான் வரும்: “இவரை எங்கே சேர்க்கலாம்?”

மருத்துவமனையில் சேர்க்கலாம். ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவில் யாரும் யாரையும் சேர்த்துவிட முடியாது. அங்கே கட்டணமும் இல்லை, அட்மிஷனும் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. அதுவும் குடிப்பவருக்கு இருக்க வேண்டும். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொந்துபோன இரண்டு பேர் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசியதில் பிறந்த வழி இது. இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. இன்றும் அங்கே நடப்பது அந்தப் பேச்சுதான்.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. தினமும் அதிகமாகக் குடிப்பவரை “இன்றோடு நிறுத்து, நாளைக்குக் கூட்டத்துக்குப் போ” என்று வீட்டிலேயே உட்கார வைப்பது. திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் சிலருக்கு நினைவு தடுமாறும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். அந்த நிலை வந்தால் கூட்டம் உதவாது, 108-ஐ அழைக்க வேண்டும். நிறுத்துவதற்கு முன்பே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டிவிடுவது நல்லது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போல இதற்கென்றே உள்ள இடங்களும் உண்டு.

“மாலை போட்டால் 48 நாள் தொடமாட்டார், மனசு வைத்தால் அவரால் முடியும்” என்று வீட்டில் சொல்வார்கள். சரி, முடிகிறது. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம்? அந்தச் சாயங்காலத்துக்குத்தான் குழு தேவை.

பொறுமை தீர்ந்துபோன குடும்பங்கள் வேறு இரண்டு குழிகளில் விழுகின்றன. ஒன்று, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து. குடியை நிறுத்துவதற்காகக் கொடுக்கும் டைசல்பிரம் போன்ற மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். இன்னொன்று, வேனில் ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகும் மையங்கள். உரிமம் இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்கிறது.

இனி குழுவைத் தேடும் வேலை. பழைய பட்டியலில் பார்த்த முகவரிக்கு நேராகக் கிளம்பிவிடாதீர்கள். கூட்டம் நடக்கும் அறையும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். முன்பே போன் செய்து அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மூடியது குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். இது தெரியாமல் நான் என் சித்தப்பாவோடு ஒரு மூடிய கூட்டத்துக்குப் போய், ஒன்றரை மணி நேரம் வாசலில் நின்றிருக்கிறேன். யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால் போதை மீட்புக்கான 14446 என்ற தேசிய உதவி எண்ணில் விசாரிக்கலாம், கட்டணம் இல்லை.

தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று இரண்டு பஸ் மாறிப் போகும் இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. மூன்றாம் வாரம் மழை பெய்தால் போதும், நின்றுவிடுவார்கள். தெரிந்தவர் அங்கே தென்பட்டால் அவர் வந்திருப்பதும் அதே காரணத்துக்குத்தானே! அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது எல்லோருக்குமான கட்டுப்பாடு. தூரத்தைவிட நேரத்தைப் பாருங்கள். டாஸ்மாக் இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது; கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும் நேரம் எதுவோ, அந்த நேரத்தில் நடக்கும் கூட்டம்தான் உங்களுக்கானது.

கூட்டம் சர்ச் வளாகத்தில் நடந்தால் மதம் மாற்றுகிறார்கள் என்று நினைத்து விலகுவார்கள் சிலர். பல இடங்களில் அது குறைந்த வாடகைக்குக் கிடைத்த அறை, அவ்வளவுதான். ஏ.ஏ. எந்த மதத்தோடும் சேர்ந்ததில்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் படிகளில் ‘கடவுள்’ என்ற சொல் வருவது உண்மை. அதை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம் என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது.

முதல் கூட்டத்தை வைத்து எடை போடாதீர்கள். ஒரு குழுவில் வயதானவர்களாகவே இருப்பார்கள், இன்னொன்றில் ஒருவரே நீட்டி முழக்குவார். நாலைந்து கூட்டங்கள், முடிந்தால் வேறு வேறு குழுக்கள் என்று போய்ப் பார்த்தபின் முடிவு செய்யலாம். முதல் நாளே பேச வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சித்தப்பா ஆறு வாரம் வாயே திறக்கவில்லை, டீ மட்டும் குடித்துவிட்டு வந்தார். பெண்களுக்குத்தான் சிரமம் அதிகம், அறை முழுக்க ஆண்களாக இருக்கும்; பெண்களுக்கான இணையவழிக் கூட்டங்களையும் விசாரிப்பது நல்லது.

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால் ‘ஸ்லிப்’ என்பார்கள். அதற்குப் பிறகு வெட்கப்பட்டுப் போகாமல் இருப்பவர்கள் நிறைய. அந்த அறையில் ஸ்லிப் ஆகாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கடைசியாக, கேள்வி கேட்ட அந்த மனைவி. உங்கள் கணவர் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் போக ஓர் இடம் இருக்கிறது. குடும்பத்தாருக்கென்றே 1951-இல் தொடங்கிய அல்-அனான் குழு அது. கணவர் குடியை நிறுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை.