கார் ஸ்டீரியோவில் ஒலி மட்டும் வரவில்லை என்றால்

திரை எரிந்து, பாட்டின் பெயரும் ஓடி, ஒலி மட்டும் வராவிட்டால், உடனே புதிய செட் வாங்கக் கிளம்ப வேண்டாம். முதலில் மியூட் அழுத்தப்பட்டிருக்கிறதா, ஒலியை முன்-பின்னாகப் பிரிக்கும் ஃபேடரும் இடம்-வலமாகப் பிரிக்கும் பேலன்ஸும் ஒரே பக்கம் தள்ளப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். குழந்தைகள் ஏறும் வண்டியில் இது அடிக்கடி நடப்பதுதான். வேலூர்க் கோடையில் பகலெல்லாம் வெயிலில் நின்ற வண்டியானால், சூடேறிய செட் தன்னைக் காத்துக்கொள்ள ஒலியை நிறுத்தியிருக்கலாம்; கண்ணாடிகளை இறக்கி ஆறவிட்டுப் பாருங்கள். திரையே எரியாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள்.

ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஊமையானால், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கும் ரப்பர் குழாய்க்குள் கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாமே நின்றுவிட்டால், ஏதோ ஒரு ஸ்பீக்கர் கம்பி உரசி வண்டியின் உடலைத் தொட்டதால் செட் பாதுகாப்பு நிலைக்குப் போயிருக்கக்கூடும். சாவியை அணைத்து, செட்டின் பின்புற பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் இரண்டு கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரால் அளந்தால், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 4 ஓம் வரை காட்ட வேண்டும். சுழியம் காட்டினால் ஷார்ட், எதுவுமே காட்டாவிட்டால் கம்பியோ ஸ்பீக்கருக்குள் உள்ள சுருளோ அறுந்திருக்கிறது. கம்பிக்கும் உடலுக்கும் இடையே தொடர்பு அறவே இருக்கக் கூடாது. ஸ்பீக்கரின் மைனஸை உடலில் இணைப்பது செட்டையே எரித்துவிடக்கூடும்.

தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால், செட் ஓடும்போது ஆம்ப்ளிஃபயரை இயக்கச் செட்டிலிருந்து போகும் நீல-வெள்ளை ரிமோட் கம்பியில் ஏறத்தாழ 12 வோல்ட் வருகிறதா என்று அளக்கவும். இவை யாவும் சரியென்றால், காட்பாடிப் பக்கமோ உங்கள் ஊரிலோ உள்ள கார் எலக்ட்ரீஷியனிடம், வேறொரு நல்ல ஸ்பீக்கரை நேரடியாகச் செட்டில் பொருத்திச் சோதித்த பிறகே செட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள்.