காணியும் நீதியும் கேட்டுப் போவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் மீள்குடியேறியவர்களின் காணிக் கோப்புகளையும் காணாமற்போனோரின் கோப்புகளையும் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறேன். புதிதாக வரும் இளம் சட்டத்தரணிகளும் கிராமங்களில் மனு எழுதிக் கொடுக்கும் தொண்டர்களும், தொடக்கத்தில் நான் விட்ட பிழைகளையே திரும்பவும் விடுவதைக் காண மனம் பொறுக்கவில்லை. மூலப் பத்திரத்தைத் தொலைப்பது, வெற்றுத்தாளில் ஒப்பமிடுவது போன்றவை எல்லோரும் அறிந்தவையாதலால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பதில் வரட்டும் என்று காத்திருத்தல்

நிருவாகச் செயலொன்றால் அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். இதைப் படித்திருந்தும் நான் ஒரு குடும்பத்தைக் கைவிட்டேன்.

2006இல் மூதூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்த அம்மா ஒருவர், அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்துத் தமக்கு வழங்கிய காணி வேறொருவருக்கு வழங்கப்பட்டதாக வந்த கடிதத்தை, குடும்ப அட்டையோடு சேர்த்து ஒரு பொலித்தீன் பைக்குள் நான்காக மடித்துக் கொண்டுவந்தார். "முதலில் அலுவலகத்துக்கு ஒரு மேன்முறையீடு எழுதுவோம் அம்மா, பதிலைப் பார்த்துவிட்டு வழக்குக்குப் போகலாம்" என்றேன். அதுதான் மரியாதையான வழி என்று அன்று நம்பினேன். கடிதம் கிடைத்தது, கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. ஏழாவது வாரம் கோப்புடன் கொழும்புக்குப் போனபோது, மூத்த சட்டத்தரணி வேறெதையும் வாசிக்காமல் முதற் கடிதத்தின் திகதியில் விரலை வைத்து, "தம்பி, இது அம்மாவின் கைக்கு எப்போது கிடைத்தது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அலுவலகத்துடன் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது அந்த ஒரு மாதத்தை நிறுத்தி வைக்காது. ஆனால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அதே ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது; அந்த அம்மாவை அன்றைக்கே அங்கு அழைத்துப் போயிருக்கலாம். முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்தாலும் போதாது. விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததா என்று நீதிமன்றம் ஆதாரம் கேட்கும் என்பதால், முறைப்பாட்டு இலக்கத்தையும் விசாரணைக்கு அழைத்த கடிதங்களையும் பத்திரப்படுத்த வேண்டும். இன்றும் யாராவது "பதில் வரட்டும் சேர்" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

முத்திரையில்லாத பிரதி

அலுவலகத்தின் திகதி முத்திரை இல்லாத பிரதியை வைத்துக்கொண்டு, மனுக் கொடுத்ததை நிறுவ முடியாது.

காணி உறுதி எரிந்துவிட்டது என்று கைவிடுதல்

நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும், அங்கு தேடுங்கள். அரச காணி அனுமதிப்பத்திரமாயின் பிரதேச செயலகப் பேரேட்டைப் பார்க்கக் கேளுங்கள்.

அரச காணியில் ஆட்சியுரிமை கோருதல்

பத்தாண்டுகள் காணியைத் தடையின்றி ஆண்டு அனுபவித்ததைக் காட்டி உரிமை கோருவது தனியார் காணிக்கே உதவும். அரசுக்கு எதிராக அது செல்லாது.

மரணச் சான்றிதழ் ஒன்றே வழி என்று சொல்லுதல்

இந்தப் பிழை காணியை அல்ல, மனிதரை நோகடிக்கிறது. காணாமற்போன மகன் உயிரோடிருப்பான் என்று நம்பும் தாயிடம், வங்கிக் கணக்குக்காக அவன் இறந்ததாக ஒப்பமிடச் சொல்வது கொடுமை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டதிலிருந்து, ஒருவர் காணாமற்போயுள்ளார் என்று மட்டும் சான்றுபடுத்தும் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. மரணத்தை ஒப்புக்கொள்ளாமலேயே அதைக் கொண்டு சொத்து, வங்கி அலுவல்களைக் கவனிக்கலாம். மரணச் சான்றிதழ் விண்ணப்பத்தை அந்தத் தாயின் முன் வைக்குமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.