மாஸ்ட் குழாய்க் கசிவு: பழுது பார்க்கும்போது செய்யக்கூடாதவை

சின்ன ஃபைபர் பாய்மரப் படகில் மாஸ்ட் (பாயைத் தாங்கும் கம்பம்) நிற்கும் குழாய் கசிந்தால், புதிதாகக் கை வைப்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

ஓட்டை எங்கே என்று பார்க்காமல் தொடங்குவது

மாஸ்ட்டைக் கழற்றிவிட்டு, படகைச் சமமாக நிறுத்தி, குழாயில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். பாதியில் இறங்கி நின்றால் ஓட்டை அந்த மட்டத்தில். முழுக்க வற்றினால் அடியில். இறங்கவே இல்லையென்றால் குழாயை விட்டுவிட்டு டாகர்போர்டு (படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகை) நுழையும் பொந்தையும், மேல்தளம் அடிக்கூட்டோடு சேரும் விளிம்பையும் பாருங்கள்.

சிலிக்கான் பசை

இதைத்தான் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. ட்யூபைப் பிதுக்கிக் குழாயின் அடியில் அப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மாஸ்ட் ஒரு கடப்பாரை மாதிரி. பாயில் காற்று அடிக்கும்போது மேல்தளத்தைத் தாங்குபுள்ளியாக வைத்து, அதன் அடிமுனை எதிர்ப்பக்கம் நெம்பும். அந்த நெம்பலை ரப்பர் மாதிரி இளகும் பசை தாங்காது. பசைக்கு அடியில் விரிசல் வளர்ந்துகொண்டே போகும். பலத்த காற்றில் குழாய் பிளந்து தளத்தையும் கிழித்துக்கொண்டு வரும்.

அதைவிட மோசம், சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு எபாக்ஸி (இரண்டு திரவம் கலந்து இறுகவைக்கும் ரெசின்) ஒட்டாது. அசிட்டோன் அதைக் கரைக்காது. நேராக உப்புத்தாள் போட்டால் மிச்சமிருப்பது சுவர் முழுக்கத் தேய்ந்து பரவும். முதலில் நீளமான உளியால் சுரண்டுங்கள். பிறகு சிலிக்கான் நீக்கும் திரவத்தால் துடையுங்கள், ஒவ்வொரு முறையும் புதுத் துணியால். அதற்கப்புறம்தான் கம்பில் சுற்றிய 80-ஆம் நம்பர் உப்புத்தாள். கடைசியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: படலமாகப் பரவினால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் பசை இருக்கிறது, மறுபடி முதலிலிருந்து.

அடியில் கசிந்தால் சரியான வழி, தளத்தில் மாஸ்ட் பக்கமாக ஒரு ஆய்வு மூடி (கை நுழையும் அளவுக்குத் திறந்து மூடும் வாய்) வைத்து உள்ளே கைவிடுவதுதான். குழாய் அடிக்கூட்டைத் தொடும் மூலையில், கரண்டியில் எடுத்தால் வழியாத பதத்துக்கு சிலிக்கா தூள் கலந்த எபாக்ஸியை வளைவாக இழைத்து, அது இறுகுமுன் மேலே இரண்டு மூன்று அடுக்கு கிளாஸ் துணி போடுங்கள். பாலியெஸ்டர் ரெசின் மலிவுதான். ஆனால் பழைய இறுகிய ஃபைபர் மேல் எபாக்ஸி அளவுக்குப் பிடிக்காது.

ஈரத்தின் மேல் பூசுவது

முதலில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு படிந்திருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு சூடான காற்று, நாள் கணக்கில்.

ரெசினை மொத்தமாக ஊற்றுவது

குழாய்க்குள் புது அடித்தளம் போட ஊற்றும்போது, ஆழமாகத் தேங்கிய எபாக்ஸி தன் சூட்டிலேயே புகைந்து வெடிப்பு விடும். மெல்லிய அடுக்காக, சூடு தணியவிட்டு ஊற்றுங்கள். ஹார்டனரை (எபாக்ஸியை இறுகவைக்கும் இரண்டாவது திரவம்) கூட்டினால் சீக்கிரம் இறுகாது, பலம்தான் குறையும். குழாயின் ஆழத்தை முன்பே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடி உயர்ந்தால் மாஸ்ட்டும் உயரும், பந்தயப் படகில் அது விதிச் சிக்கல்.

கம்ப்ரசர் வைத்துச் சோதிப்பது

கசிவைப் பார்க்கப் படகுக்குள் கம்ப்ரசரால் காற்றடிக்க வேண்டாம். அடிக்கூட்டோடு மேல்தளம் சேரும் விளிம்பு பிளந்துவிடும். சோப்பு நீர் பூசி, படகுக்குள் வாயால் ஊதி, குமிழி வருகிறதா என்று பார்த்தால் போதும்.

மணலை மறப்பது

குழாயின் அடியில் கிடக்கும் ஒரு சிட்டிகை மணல், மாஸ்ட் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஃபைபரை அரைக்கிறது. புது அடித்தளத்தின் மேல் வழுவழுப்பான பிளாஸ்டிக் வட்டு ஒன்றைப் போடுங்கள். ஒவ்வொரு முறை மாஸ்ட் ஏற்றுவதற்கு முன்பும் குழாயைக் கழுவி, ஈரத்துணியால் அடியைத் துடைத்து எடுங்கள்.