சூடானதும் நின்றுபோகும் கார்: பெட்ரோல் பம்பை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் கார் திடீரென்று நின்று, அரை மணி நேரம் ஆறியதும் தானாகவே ஸ்டார்ட் ஆகிறதா? முதலில் கிராங்க் சென்சாரை, அதாவது இன்ஜின் சுழல்வதைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் உணரியை, சந்தேகப்படுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் சூட்டில் தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் மீண்டும் சேரும். மெக்கானிக்கிடம் போய்ச் சேர்வதற்குள் கோளாறு மறைந்துவிடுவது இதனால்தான்.

ஆகவே வண்டியை ஓரங்கட்டி, நின்ற சூட்டோடு சோதியுங்கள். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் சுமார் 2 விநாடி பம்ப் சத்தம் வர வேண்டும். வரவில்லையா? பம்ப் ரிலேயை (பம்புக்கு மின்சாரம் விடும் சிறு சுவிட்சை), அதே எண் உள்ள ஹாரன் ரிலேயோடு மாற்றிப் பாருங்கள். சத்தம் வந்தால், செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைக் கவனியுங்கள். பல கார்களில் அது அசையாமல் பூஜ்யத்திலேயே கிடந்தால் பெரும்பாலும் சென்சார்தான் காரணம்.

கனெக்டரில் இரண்டு பின் (pin) உள்ள கம்பிச்சுருள் வகை சென்சாரை மல்டிமீட்டரில் அளக்கலாம். மாடலுக்கு மாடல் மாறினாலும், பெரும்பாலும் 500 முதல் 1,000 ஓம் காட்டும். சூட்டில் 'ஓ.எல்.' (OL, உள்ளே இணைப்பு அறுந்துள்ளது) என்று வந்தால் தயங்காமல் மாற்றுங்கள். கம்பிச்சுருளுக்குப் பதில் மின்னணுச் சில்லு உள்ள மூன்று பின் ஹால் சென்சாரில் இந்த ஓம் சோதனை வேண்டாம்.

டாஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்தே அணைந்தால் கதை வேறு: பேட்டரி டெர்மினல், எர்த் வயர், சாவி சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள்.