ஃபோர் வீல் போட்ட பிக்கப் டூ வீலுக்குத் திரும்ப அடம்பிடிக்கிறதா? வீட்டிலேயே பார்க்க ஒரு வழி

போன ஐப்பசி மழையில் பர்கூர் மலைக்குப் போயிருந்தேன். தாமரைக்கரைக்கு உள்ளே ஒரு செம்மண் தடத்தில் ஃபோர் வீல் போட்டு (நாலு சக்கரமும் இன்ஜின் விசையில் இழுக்கும்படி) ஏறி இறங்கி, தார் ரோட்டுக்கு வந்து, டீக்கடை முன்னால் வண்டியை வளைத்துத் திருப்பினேன். திருப்பும் குமிழை டூ வீலுக்கு (பின்சக்கரம் மட்டும் இழுக்கும்படி) மாற்றியும் ஃபோர் வீல் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. டீக்கடையில் நின்ற ஒரு டிரைவர் அண்ணன்தான் சொன்னார்: "ஏனுங் தம்பி, ஸ்டியரிங்க நேரா வெச்சுப் பத்தடி பின்னால எடுங்க." எடுத்தேன். அடியில் "டக்" என்று ஒரு சத்தம், விளக்கு அணைந்தது.

காரணம் எளிது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. ஃபோர் வீலில் முன், பின் ஷாஃப்ட் இரண்டும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் (இன்ஜின் விசையை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் பெட்டி) ஒன்றாகப் பூட்டியிருப்பதால், அந்த வித்தியாசம் முறுக்காக ஏறுகிறது. சேற்றில் டயர் வழுக்கி முறுக்கு தானாகக் கழிந்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. பல்லும் பல்லும் இறுகக் கவ்விக்கொண்டால், குமிழைத் திருப்பினால் அதை நகர்த்தும் சின்ன மோட்டாரால் எளிதில் பிரிக்க முடியாது. (எப்போதும் நாலு சக்கரத்திலும் ஓடும் வண்டிகளுக்கு இது பொருந்தாது.)

ஆகவே முதல் வேலை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்து, நாலைந்து மீட்டர் பின்னால், பிறகு முன்னால் எடுப்பது. பின்னால் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லீவர் உள்ள வண்டி என்றால் பலம் கொண்ட மட்டும் இழுக்காதீர்கள், உள்ளே பல்லை நகர்த்தும் ஃபோர்க் வளைந்துவிடும்.

இதில் விடுபட்டு, மண்ணில் போட்டு எடுக்கும்போது தாமதமே இல்லை என்றால் வண்டியில் பழுது இல்லை. தார் ரோட்டுக்கு ஏறும் முன்பே, மண்ணில் இருக்கும்போதே மாற்றிக்கொண்டால் போதும்.

அடுத்து, உண்மையிலேயே விடுபடவில்லையா, விளக்கு மட்டும் பொய் சொல்கிறதா என்று பாருங்கள். காய்ந்த சிமென்ட் களத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, நடை வேகத்தில் உருட்டுங்கள். வண்டி திணறித் திணறிக் குதித்தால் இன்னும் பூட்டியிருக்கிறது. லேசாக உருண்டால் ஃபோர் வீல் விளக்கின் சுவிட்சையோ அதன் ஒயரையோ சந்தேகப்படலாம்.

நேர் ரோட்டிலேயே முறுக்கு ஏறுகிறதா? அப்படியென்றால் டயரைப் பாருங்கள். என் வண்டியில் இதுதான் மூலகாரணம். முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புதுசு. முதலில் காலையில், டயர் சூடேறும் முன் நாலிலும் காற்று பாருங்கள். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. பிறகு டூ வீலில், சமதளத்தில், வலப்பக்கத்து இரண்டு டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் பக்கவாட்டில் நடந்து எண்ண வேண்டும். முன்சக்கரம் சரியாக 10 சுற்று முடிந்து அதன் கோடு மறுபடி தரையைத் தொடும்போது நிறுத்துங்கள். பின்சக்கரத்துக் கோடும் கீழேயே இருந்தால் நல்லது. என் வண்டியில் அது கடிகாரத்தில் நாலு மணி முள் நிற்கும் இடத்தில் நின்றது. பத்துச் சுற்றுக்கே ஒரு அடிக்கு மேல் வித்தியாசம்! நாலும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாகப் போட்டபின் குமிழைத் திருப்பியதும் விளக்கு அணைகிறது. தேங்காய் லோடு ஏற்றிப் பின் டயர் அமுங்கினாலும் சுற்றளவு மாறும் என்பதை மறக்காதீர்கள்.

டயர் சரி என்றால் அந்த மாற்றும் மோட்டார். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்குப் போனால் கியரில் நிறுத்திய வண்டியும் உருளும், அதனால் கல் கட்டாயம். அடியில் படுக்க வேண்டாம். சாவியை ஆன் செய்து ஒருவர் குமிழைத் திருப்பட்டும், நீங்கள் பக்கத்தில் குனிந்து காது கொடுங்கள். "கிர்ர்" என்று கேட்டால் மோட்டாருக்குக் கரண்ட் வருகிறது. ஒன்றுமே கேட்காவிட்டால் ஃபியூஸ், அப்புறம் சாவியை எடுத்துவிட்டு ஒயர் கனெக்டர். அதற்குள் செம்மண்ணோ பச்சைக் களிம்போ இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிடுங்கள். முன் ஆக்சில் வேக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) பூட்டும் வண்டிகளில், அதற்குப் போகும் ரப்பர் ஓஸின் இரு முனையிலும் கீறல் இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள்.

ஆயிலையும் ஒருமுறை பாருங்கள். ஊற்றும் துளையின் மூடியை முதலில் கழற்றுங்கள், பல கேஸ்களில் அந்தத் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். சில கேஸ்களுக்குக் கியர் ஆயில், சிலவற்றுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). கையேட்டைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். வடித்த ஆயிலில் இரும்புத் துகள் மின்னினால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். "ஃபோர் வீல் வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாமல், மண்ணில் எடுக்கிறதா, பின்னால் எடுத்தால் விடுகிறதா, மோட்டார் சத்தம் வருகிறதா என்ற மூன்றையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.