ட்விட்டரை விட்டு மாஸ்டடானுக்கு: நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாதவை

எங்கள் வாசிப்புக் குழுவுக்கு ஒரு பெரிய சமூக ஊடகத் தளத்தில் ஏழு ஆண்டுகளாகப் பக்கம் இருந்தது. மாதக் கூட்டத்தின் படங்கள், பேச்சுகளின் ஒலிப்பதிவு, யார் எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினார்கள் என்ற பட்டியல், எல்லாம் அங்கேதான். ஒரு சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் பக்கமே இல்லை. “சமூக விதிகளை மீறியதால் நீக்கப்பட்டது” என்று ஒரே ஒரு வரி. எந்த விதி, எந்தப் பதிவு, ஒன்றும் தெரியாது. முறையீடு செய்ய ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினோம். நான்கு நிமிடத்தில் “பரிசீலித்தோம், முடிவில் மாற்றம் இல்லை” என்று பதில் வந்துவிட்டது. மனிதர் யாரும் அதைப் பார்த்திருப்பார் என்று எனக்கு இன்றுவரை நம்பிக்கை இல்லை.

அன்று இரவே நான் மாஸ்டடான் என்ற மாற்றுச் சமூக ஊடகத்தில் கணக்குத் திறந்தேன். முதல் தவறு அதுதான். மாறியதைச் சொல்லவில்லை. கோபத்தில், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், தனியாக மாறியதைச் சொல்கிறேன்.

பெரிய தளங்களை விட்டுக் கிளம்புகிற எல்லாரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். ஆனால் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியது 2022 அக்டோபர் 27க்குப் பிறகுதான். அன்று எலான் மஸ்க் 44 பில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்து ட்விட்டரை (இப்போது அதன் பெயர் எக்ஸ்) வாங்கினார். டிசம்பரில், ட்விட்டரில் மாஸ்டடானுக்கு இருந்த கணக்கையே முடக்கினார்கள். மாஸ்டடான் முகவரியைப் பகிரக்கூடாது என்று விதி போட்டார்கள், எதிர்ப்பு வந்ததும் அதை எடுத்தார்கள். அடுத்த மாதம், ட்விட்டரைப் படிக்கப் பல ஆண்டுகளாக மக்கள் பயன்படுத்திவந்த, ட்வீட்பாட் மாதிரி வெளியார் செய்த செயலிகளை முன்னறிவிப்பே இல்லாமல் துண்டித்தார்கள். முதலாளி மாறினால் கடையின் விதியும் மாறும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. சிலருக்கு எரிச்சல் அதற்கும் முந்தியது. 2016-ல் இன்ஸ்டகிராம் நேர வரிசையைக் கைவிட்டு, எதை முதலில் காட்டுவது என்று அல்காரிதமே, அதாவது தளத்தின் கணினி நிரலே, முடிவு செய்ய விட்டது. தங்கை போட்ட தீபாவளிக் கோலம் தீபாவளி முடிந்து நான்கு நாள் கழித்து நம் கண்ணில் படும்.

சரி, மாற்று என்றால் என்ன? இங்கே சிங்கப்பூரில் சிங்டெல் நிறுவனத்தின் எண்ணிலிருந்து ஸ்டார்ஹப் நிறுவனத்தின் எண்ணுக்கு அழைக்கிறோம், அதற்காக யாரும் இரண்டு போன் வைத்துக்கொள்வதில்லை. மாஸ்டடானும் ஏறக்குறைய அப்படித்தான். ஜெர்மனியில் இருந்தபடி யூஜன் ரோச்கோ என்பவர் 2016-ல் வெளியிட்ட மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில், அதாவது எப்போதும் இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில், நிறுவிக்கொள்ளலாம். தனித்தனிச் சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது மொழியில் பேசிக்கொள்கின்றன. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018-ல் அதை ஏற்றுக்கொண்டது. படங்களுக்குப் பிக்சல்ஃபெட், காணொளிக்குப் பியர்டியூப் என்று அதே மொழி பேசும் உறவுக்காரர்களும் உண்டு. இந்தக் குடும்பம் மொத்தத்துக்கும் ஃபெடிவர்ஸ் என்று பெயர். ப்ளூஸ்கை வேறு வழி. 2019-ல் ட்விட்டருக்குள்ளேயே தொடங்கிய திட்டம், பிறகு தனி நிறுவனமாகி, 2024 பிப்ரவரியில் அழைப்பு இல்லாமலே எல்லாரும் சேரலாம் என்று திறந்தது.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2021 தொடக்கத்தில் வாட்ஸ்அப்பின் புதிய விதிகளைப் பார்த்துப் பயந்து சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் ஓடியவர்கள், மையமில்லாத, அதாவது ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத, ஊடகத்துக்கு வந்துவிட்டதாக நினைத்தார்கள். சிக்னல் நல்ல செயலிதான், ஆனால் அதை நடத்துவது ஒரே அமைப்பு. டெலிகிராமும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. த்ரெட்ஸ், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் சொத்து. ஃபெடிவர்ஸுக்கு ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ப்ளூஸ்கையிலும் பெரும்பாலானவர்கள் அந்த நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கிறார்கள். “மையமில்லாதது” என்று சொல்லிக் காசு கேட்கும் இடங்களும் உண்டு. கணக்குத் திறக்க கிரிப்டோ நாணயம் வாங்கு, டோக்கன் வாங்கு என்றால் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள்.

இனி, நான் அதிகமாகச் சூடுபட்ட இடத்துக்கு வருகிறேன். சர்வர் தேர்வு. நான் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். சின்னதாக, அழகாக, வேடிக்கையாக ஒரு பெயர். அதை நடத்தியவர் ஒரே ஒரு ஆள், சொந்தக் காசில். அவருக்கு வேலைப்பளு கூடியது, ஐந்தாவது மாதம் சர்வர் படுத்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. புளோக் கீழ்த்தளத்தில் ஒருவரே நாற்காலி போட்டு, ஒருவரே மைக் பிடித்து, ஒருவரே பெருக்கி நடத்துகிற விழா எத்தனை வருடம் ஓடும்?

பெயரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. டாட் ஏஎஃப் என்று முடியும் இணைய முகவரிகள் ஆப்கானிஸ்தானுக்கு உரியவை. ஆங்கிலக் கொச்சைச் சொல்லோடு பொருந்துகிறதே என்று ஒரு மாஸ்டடான் சர்வர் அந்த முகவரியில் நடந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபான் ஆட்சி அந்த முகவரியை முடக்க, அங்கிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. சர்வர் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, வாசல் பலகை மட்டும்தான் போனது. அதுவே போதும்.

அதனால் சேருவதற்கு முன் சர்வரின் அறிமுகப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர், பணம் எங்கிருந்து வருகிறது, வெறுப்புப் பேச்சு வந்தால் என்ன செய்வார்கள் என்று பாருங்கள். மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறும் சர்வர்கள் சில வாக்குறுதிகளைத் தந்திருக்கின்றன. தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், அவசரத்துக்கு உள்ளே நுழைய இன்னொருவருக்கும் அனுமதி இருக்க வேண்டும், மூடுவதென்றால் குறைந்தது மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். என் வேடிக்கைச் சர்வர் அந்தப் பட்டியலில் இல்லை. நானும் அப்போது அந்தப் பட்டியலைப் பார்க்கவில்லை.

அப்புறம், “எப்போது வேண்டுமானாலும் வேறு சர்வருக்கு மாறலாம்” என்று சொல்வார்களே, அதைப் பாதி உண்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2008 முதல் நாம் கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறுகிறோம். மாஸ்டடானில் அப்படி இல்லை, முகவரியே மாறும். பின்தொடர்பவர்கள் உங்களோடு வந்துவிடுவார்கள், நீங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியலைக் கோப்பாக இறக்கிப் புது இடத்தில் ஏற்றலாம். ஆனால் எழுதிய பதிவுகள் பழைய வீட்டிலேயே இருக்கும். அதைவிட முக்கியம், பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே மாறிவிட வேண்டும். அது படுத்த பிறகு உங்களைப் பின்தொடர்ந்தவர்களுக்குத் தகவல் சொல்ல ஆளில்லை. எனக்கு நடந்தது இதுதான். நூற்றுச் சொச்சம் பேரைத் திரும்ப ஒவ்வொருவராகத் தேடினேன். ப்ளூஸ்கையின் அமைப்பு இந்த விஷயத்தில் கைப்பேசி எண்ணுக்கு அருகில் வருகிறது. சர்வர் மாறினாலும் பதிவுகளோடு நகர முடியும் என்பது அதன் திட்டம்.

பழைய கணக்கை ஆத்திரத்தில் அழிப்பது இன்னொன்று. முதலில் உங்கள் தரவு முழுவதையும் இறக்கிக்கொள்ளுங்கள். பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் அதற்கு வசதி இருக்கிறது, கோப்பு கைக்கு வரச் சில நாள் ஆகலாம். இறக்கிய பிறகும் அழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சில தளங்களில், அழித்த கணக்கின் பெயரைச் சிறிது காலம் கழித்து வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு, உங்கள் பெரியம்மாவிடம் அவசரமாக 800 வெள்ளி கேட்க ஒருவனுக்கு அது போதும். கடவுச்சொல்லை மாற்றி, புது முகவரியை மேலே ஒட்டிவிட்டு, பூட்டி வையுங்கள்.

புது வீட்டில் முதல் வாரம் மயான அமைதியாக இருக்கும். பழைய தளத்தில் நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் அல்காரிதம் எதையாவது கொண்டுவந்து கொட்டும். மாஸ்டடானில் நீங்கள் பின்தொடர்ந்தால்தான் வரும். பலர் இரண்டு நாள் பார்த்துவிட்டு “அங்கே யாருமே இல்லை” என்று திரும்பிவிடுகிறார்கள். குறைந்தது ஐம்பது பேரைப் பின்தொடருங்கள், மற்றவர்கள் பதிவுக்குப் பதில் எழுதுங்கள், ஹாஷ்டேக் போடுங்கள். பதிவுகளை முழுமையாகத் தேடும் வசதி மாஸ்டடானுக்கு 2023 செப்டம்பரில்தான் வந்தது, அதுவும் எழுதியவர் சம்மதித்தால்தான் அவர் பதிவு தேடலில் கிடைக்கும். ஆகவே ஹாஷ்டேக் இல்லாத பதிவு கிணற்றில் போட்ட கல்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. ட்விட்டரின் 280 எழுத்துக் கணக்கில் கொம்பும் புள்ளியும் தனித்தனி எழுத்து. ‘சிங்கப்பூர்’ என்று எழுதினால் 11 போய்விடும். ப்ளூஸ்கையில் 300தான் வரம்பு, ஆனால் நாம் பள்ளியில் எண்ணியபடியே எண்ணுகிறது. சி, ங், க, ப், பூ, ர், ஆக மொத்தம் 6. ஒரு வெண்பா எழுதிப் போட்டு இடம் மிஞ்சியபோது எங்கள் குழுவின் மூத்த அக்கா அடைந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்தரங்கச் செய்தி என்று ஒன்று மாஸ்டடானில் இருக்கிறதே, அதை நம்பி அடையாள அட்டைப் படம் எதையும் அனுப்பாதீர்கள். அது முழு மறையாக்கம் செய்யப்பட்டதல்ல, சர்வர் நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும். ப்ளூஸ்கையில் நீங்கள் யாரைத் தடுத்திருக்கிறீர்கள் என்பதே வெளியில் தெரியும்.

சர்வர் ஜெர்மனியில் இருந்தால் சிங்கப்பூர்ச் சட்டம் எட்டாது என்று நினைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். 2014-ன் தொல்லைத் தடுப்புச் சட்டமும், பொஃப்மா என்று நாம் சொல்லும் 2019-ன் பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டமும் நீங்கள் எந்தச் செயலியில் எழுதினீர்கள் என்று பார்ப்பதில்லை. எழுதியவர் ஈசூனில் உட்கார்ந்து எழுதினாரென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

தனியாகப் போன கதைக்குத் திரும்புகிறேன். மூன்று மாதம் சுவரோடு பேசிய பிறகு, ஒரு ஞாயிறு மாலை தேக்காவில் தே தாரிக் குடித்துக்கொண்டே குழுவினர் ஐந்து பேரை மட்டும் சம்மதிக்க வைத்தேன். இருபது பேரையும் இழுக்கப் பார்த்திருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். ஐந்து கைப்பேசியிலும் அங்கேயே செயலியை இறக்கி, ஒருவரை ஒருவர் பின்தொடர வைத்து, அந்த மாதக் கூட்டத்தின் படங்களை முதலில் புது இடத்தில் மட்டும் போட்டோம். படம் பார்க்க மற்றவர்கள் தாமாகவே வந்தார்கள். எல்லாரும் இல்லை. வாட்ஸ்அப் குழு இன்னமும் ஓடுகிறது, காலை வணக்கங்கள் அங்கேதான் வருகின்றன.

எல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு தவறு மிச்சம் இருந்தது. ப்ளூஸ்கையில் சொந்த இணைய முகவரியையே கணக்கின் பெயராக வைத்துக்கொள்ளலாம் என்பதால் குழுவுக்கு ஒரு டாட் எஸ்ஜி முகவரி வாங்கினோம். சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வழியாக அடையாளத்தை உறுதிப்படுத்தியது நான், பணம் கட்டியது என் கார்டு, நினைவூட்டல் வந்தது என் மின்னஞ்சலுக்கு. கார்டு காலாவதியானது, நினைவூட்டல் குப்பைப் பெட்டிக்குள் போனது, நான் ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். இரண்டு நாள் எங்கள் பெயர் செல்லாத பெயராகக் காட்டியது. இப்போது நினைவூட்டல் மூன்று பேருக்குப் போகிறது, பேக்கப் கோப்புகள் ஒரு தம்ப் டிரைவில் மூத்த அக்கா வீட்டு அலமாரியில், பாஸ்போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.